டிகிரி இல்லாமல் நல்ல சம்பளம்: பைப் வெல்டர் ஆகும் வழி

கேட், கிரில் பட்டறையில் பத்து வருஷமாக ராடு பிடிப்பவரும் வெல்டர்தான். மணலியில் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுனுக்கு வந்து, தங்க இடமும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு, அவரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நாள் சம்பளம் எடுப்பவரும் வெல்டர்தான். இரண்டு பேருக்கும் காலேஜ் படிப்பு கிடையாது. இரண்டாமவர் போடும் ஜாயின்ட் எக்ஸ்ரேயில் தேறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டிகிரி இல்லாதவர்கள் நல்ல சம்பளத்துக்குப் போக எலக்ட்ரீஷியன், சிஎன்சி, ஏசி மெக்கானிக் என்று வேறு வழிகளும் உண்டு. நான் வெல்டிங்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், எட்டாம் வகுப்பு முடித்தவர்கூட இதில் நுழையலாம். உங்கள் திறமையை அளப்பதும் மேனேஜரின் அபிப்பிராயம் கிடையாது, ஒரு எக்ஸ்ரே ஃபிலிம். ஆனால் "வெல்டிங் கத்துக்கோ" என்று சொல்லும் சொந்தக்காரர்கள், எதுவரை கற்றால் காசு என்று சொல்வதில்லை. பாதிப் பேர் பட்டறையிலேயே நின்றுவிடுவது அதனால்தான்.

எதற்கு இவ்வளவு காசு?

பாய்லர், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை இங்கெல்லாம் பைப்புக்குள் ஓடுவது அதிக அழுத்த நீராவி, எண்ணெய், வாயு. ஒரு ஜாயின்ட் விட்டால் ஆலை நிற்கும், ஆள் சாகலாம். அதனால் முக்கியமான ஜாயின்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். காற்றுக் குமிழ், உள்ளே சிக்கிய ஸ்லாக் என்ற கசடு, வேர்வரை உருகாத இடம் எல்லாம் ஃபிலிமில் தெரிந்துவிடும். வெளியே எவ்வளவு அழகாக கேப்பிங் (மேல் ஓட்டம்) போட்டிருந்தாலும் பயனில்லை.

பைப் எப்படி இருக்கிறது என்பதை வைத்து வெல்டிங் நிலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பைப்பைத் திருப்பிக்கொண்டே வெல்டிங் செய்வது சுலபம், அது 1ஜி. பைப் செங்குத்தாக நின்றால் 2ஜி. படுத்திருக்கும் பைப்பைத் திருப்பாமல், கீழிருந்து மேலே சுற்றி வருவது 5ஜி. 45 டிகிரி சாய்த்து அசையாமல் வைத்த பைப்பைச் சுற்றி வருவதுதான் 6ஜி. இதில் தேறியவர் பெரும்பாலும் மற்ற நிலைகளையும் செய்துவிடுவார் என்பதால், வேலைக்கு ஆள் கேட்கிறவர்கள் "6ஜி இருக்கா?" என்றே தொடங்குகிறார்கள். தகட்டில் 3ஜி என்றால் செங்குத்து, 4ஜி என்றால் தலைக்கு மேல்.

முதல் படி: ஐடிஐ

வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனாலும் பத்தாவது முடித்துவிட்டுப் போங்கள் என்பேன். காரணம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

தமிழ்நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட அரசு ஐடிஐக்கள் இருக்கின்றன. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் மே மாதத்தை ஒட்டி விண்ணப்பம் திறப்பார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பார்க்கத் தொடங்கிவிடுங்கள். ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை, பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. ஐடிஐ மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தனியார் ஐடிஐயில் சேர்வதானால் ஒன்றை மட்டும் பாருங்கள்: சான்றிதழ் என்சிவிடி தருவதா? அந்த தேசியத் தொழிற்சான்று இல்லாவிட்டால் ரயில்வே, பாய்லர் செய்யும் அரசு நிறுவனமான பெல் போன்ற இடங்களின் அப்ரண்டிஸ் (சம்பளத்தோடு தொழில் பழகும் பயிற்சி) வாசல் பெரும்பாலும் திறக்காது. பணிமனைக்குள்ளும் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். மெஷின்கள் தூசி படிந்து கிடந்தால், அங்கே ஒரு வருஷம் போவது நோட்டு எழுதவே.

ஐடிஐயில் எல்லாம் கற்றுத்தந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆர்க், கேஸ், கொஞ்சம் சிஓடூ (கம்பிச் சுருளில் தொடர்ந்து ஓடும் வெல்டிங்), கொஞ்சம் டிக் பழகலாம். டிக்கைத்தான் நம் ஊரில் ஆர்கான் வெல்டிங் என்பார்கள். கை நடுக்கம் போய், ஆர்க் நீளத்தை ஒரே அளவில் வைக்கக் கற்றுக்கொண்டால் அந்த வருஷம் வீணில்லை.

இரண்டாவது படி: அப்ரண்டிஸ்

ஐடிஐ முடித்ததும் "உடனே சம்பளம்" என்று பக்கத்து கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்துவிடுபவர்கள் அதிகம். வீட்டு நிலைமை அப்படியென்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிந்தால் ஒரு வருஷம் பொறுத்து அப்ரண்டிஸ் முடியுங்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி நடக்கும் பயிற்சி இது. மாதாமாதம் உதவித்தொகை உண்டு, முடிவில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ்.

திருச்சி பெல், பெரம்பூர் ஐசிஎஃப், நெய்வேலி என்எல்சி ஆகிய இடங்களில் வெல்டர் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் ஒன்று பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அரசு வேலை கிடைத்தே தீரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கனமான தகடும், சரியான மெஷினும், வெல்டிங் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறைத் தாளும் பட்டறையில் கண்ணில் படாது. அவை இங்கே படும்.

மூன்றாவது படி: எந்தப் பட்டறை?

இந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, கோவையில் பம்ப், ஓரகடத்தில் கார் உதிரிப்பாகம் என்று வெல்டருக்கு எங்கும் வேலை உண்டு. ஆனால் கார் உதிரிப்பாக லைனில் நாள் முழுக்க ஒரே இடத்தில் சிஓடூ புள்ளி வைத்துக்கொண்டிருந்தால், ஐந்து வருஷம் கழித்தும் அதே வேலைதான் தெரியும். அந்த வேலையை ரோபோவுக்கு மாற்றுவதும் அங்கேதான் முதலில் நடக்கும்.

பைப் வெல்டர் ஆக வேண்டுமென்றால் பாய்லர், பிரஷர் வெசல், பைப்பிங் செய்யும் இடத்துக்குப் போங்கள். திருச்சி துவாக்குடியைச் சுற்றிப் பெல்லுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு, நடுத்தர ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள் நிறைய. ராணிப்பேட்டையில் பெல்லின் இன்னொரு ஆலை இருக்கிறது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம், மணலி, எண்ணூரில் ஆலைப் பராமரிப்பு கான்ட்ராக்டர்கள். முதலில் ஹெல்பராகவோ கிரைண்டராகவோதான் எடுப்பார்கள். போங்கள். சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் போங்கள். நல்ல வெல்டருக்கு ஜாயின்ட் கிரைண்டிங் செய்து கொடுப்பவர், ரூட் என்ற அடி ஓட்டம் எப்படி உருகுகிறது என்பதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அந்தப் பார்வையை எந்தப் பயிற்சி நிலையமும் தராது.

இங்கே இரண்டு வருஷத்தில் தகட்டில் 3ஜி, 4ஜி வந்துவிட வேண்டும். வராவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

நான்காவது படி: பைப்பும் ரூட்டும்

சம்பளத்தை உயர்த்துவது இந்தக் கட்டம். இங்கே அவசரப்படாதீர்கள்.

பொதுவாக முதல் ஓட்டமான ரூட்டை ஆர்கானில் போட்டு, நடுவை நிரப்பும் ஃபில்லிங்கும் கேப்பிங்கும் 7018 என்ற வகை ராடில் முடிப்பார்கள். எக்ஸ்ரேயில் விழும் ஜாயின்டுகளில் பெரும்பங்கு ரூட்டிலும், நிறுத்தித் தொடங்கிய இடங்களிலும் விழுகின்றன. பைப் முனைகளைச் சாய்வாகச் சீவி, இரண்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அசையாமல் நிற்கச் சில இடங்களில் டேக் என்ற சிறு வெல்டிங் போடுகிறோம். இந்த இடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று ஃபிட்டரை நம்பாமல் நீங்களே பாருங்கள். ஒரு பக்கம் 2, எதிர்ப்பக்கம் 4 என்று கொடுத்துவிட்டு ரிப்பேர் வந்தால் பெயர் உங்களுக்குத்தான் கெடும்.

கடிகார முகத்தைப் போல நினைத்துக்கொண்டால், ஆறு மணி இடத்தில் தொடங்கிப் பன்னிரண்டு மணி வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஆறு மணி இடத்தில் தலைகீழாக உருகும் உலோகம் கீழே இறங்கப் பார்க்கும், அதனால் பைப்பின் உள்பக்கம் குழி விழும். பன்னிரண்டு மணி இடத்தில் நேர் எதிர், உள்ளே தொங்கிவிடும். அதனால் ஒரே சுற்றில் கோணமும் வேகமும் மாறிக்கொண்டே போக வேண்டும். நிறுத்தும்போது சட்டென்று ஆர்க்கை வெட்டாதீர்கள், பக்கவாட்டில் இழுத்து விடுங்கள். மறுபடி தொடங்குமுன் அந்த முனையைக் கிரைண்டரால் மெல்லியதாகச் சீவுங்கள். டேக் போட்ட இடத்துக்கும் இதேதான். இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பேறித்தனத்தால் விடுபவர்கள்தான் ஃபிலிமில் மாட்டுகிறார்கள்.

7018 ராடு ஈரத்தை இழுக்கும். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன், அதிலிருந்து வெடிப்பு. அதனால் ஓவனில் சுட்டு, சூடாகவே வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். காலையில் ஒரு கட்டு எடுத்துச் சாயங்காலம் வரை தரையில் போட்டு வைத்திருக்கும் இடம் என்றால், அங்கே வேலையின் தரம் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். ஆர்கானுக்குக் காற்று எதிரி. கடலோர ஆலையில் தார்ப்பாய் மறைப்பு இல்லாமல் ரூட் போடச் சொன்னால், முதலில் மறைப்பு கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் என்றால் உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ரூட்டின் உள்பக்கம் கருகிப் பொரிந்துவிடும்.

பழகுவதற்குத் துண்டுப் பைப் வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஸ்கிராப்பில் கிடக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் ஃபோர்மேனிடம் கேட்டு அரை மணி நேரம் போடுங்கள். கேட்கிற பையனை ஃபோர்மேன்களுக்குப் பிடிக்கும். போட்ட துண்டை அறுத்து உள்பக்கத்தைப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள்.

தனியார் பயிற்சி நிலையங்கள் "ஒரு மாதத்தில் 6ஜி" என்று போஸ்டர் ஒட்டுகின்றன. தகட்டில் கை தேர்ந்தவருக்கு அது ஓரளவு உதவும், புதியவருக்குப் பணம் போவதுதான் மிச்சம். சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒருவருக்குத் தினம் எத்தனை பைப் ஜாயின்ட் போடத் தருவீர்கள்? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? கடைசித் துண்டை எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமைக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் கிளம்பி வந்துவிடுங்கள். திருச்சியில் பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வெல்டர்களுக்கும் பயிற்சி தந்து தேர்வு நடத்துகிறது. அங்கு வாங்கிய சான்றுக்குத் தொழிலில் மதிப்பு உண்டு.

ஐந்தாவது படி: ட்ரேட் டெஸ்ட்

எந்தச் சான்றிதழ் கையில் இருந்தாலும் புது கம்பெனி மறுபடி டெஸ்ட் வைக்கும். அவமானமாக நினைக்க வேண்டாம். ஏஎஸ்எம்இ எனப்படும் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் விதிகளின்படி தன் வெல்டரைத் தேர்வு செய்து பதிவது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு. ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அந்தத் தகுதியே காலாவதி. பாய்லர் வேலைக்கு இவை போதாது. ஐபிஆர் எனப்படும் இந்திய பாய்லர் விதிகளின் கீழ் தனியாகத் தேர்வு எழுதி, சான்று வாங்கி, காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.

டெஸ்டுக்குப் போகும்போது உங்களுக்குப் பழகிய ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, டார்ச் கப் எல்லாம் சொந்தமாக எடுத்துப் போங்கள். மெஷினைக் கொடுத்ததும் நேரே பைப்பில் தொடங்காமல், ஒரு வேண்டாத தகட்டில் ஆம்பியர் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரில் 90 என்று காட்டும் மெஷின் 110 கொடுப்பது சகஜம். பைப்பைத் தாங்கியில் பொருத்தும்போது உங்கள் உயரத்துக்கு வைத்துக் கேளுங்கள், தருவார்கள். நேரம் தாராளமாகவே இருக்கும். பதற்றத்தில் வேகமாக முடித்துப் பக்கத்து ஆளைப் பார்ப்பவர்கள்தான் தோற்கிறார்கள்.

தேறிய பிறகு ஒரு ஃபைல் போடுங்கள். டெஸ்ட் சான்று, வெல்டர் அடையாள அட்டை, ஒவ்வொரு வேலை முடிந்ததும் அனுபவக் கடிதம். ஜாயின்டுக்குப் பக்கத்தில் உங்கள் எண்ணைப் பொறிப்பார்கள். அந்த எண்ணை வைத்து எத்தனை ஜாயின்ட், எத்தனை ரிப்பேர் என்று கணக்கு இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த கம்பெனியில் சம்பளம் பேச அதைவிட நல்ல காகிதம் இல்லை.

சம்பளம் பேசுவது

ஐடிஐ முடித்துப் புதிதாகச் சேர்பவருக்கு மாதம் 15,000 ரூபாயை ஒட்டித்தான், சில இடங்களில் அதற்கும் கீழே. 6ஜி தேறியவர் ஷட்டவுன் வேலையில் நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கலாம். ஓட்டியும் (கூடுதல் நேர வேலை) சேர்ந்தால் மாதம் 40,000 பார்ப்பது அபூர்வமில்லை. ஆனால் ஷட்டவுன் ஒன்றிரண்டு மாதம்தான். நடுவில் வீட்டில் உட்காரும் நாட்களையும் கணக்கில் சேர்த்து, வருஷத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். நிரந்தரமாக மாதம் 28,000 தரும் ஃபேப்ரிகேஷன் ஷாப் சில சமயம் இதைவிட லாபம்.

சில கான்ட்ராக்டர்கள் "இஞ்ச் டயா" கணக்கில் கொடுப்பார்கள். 6 அங்குலப் பைப்பில் ஒரு ஜாயின்ட் என்றால் 6 இஞ்ச் டயா. இரண்டு அங்குலத்தில் பத்து ஜாயின்ட் என்றால் 20. வேகமான ஆளுக்கு இது நல்ல காசு. ஆனால் இதில் பைப்பின் கனம் கணக்கில் வராது. மெல்லிய பைப்பை ஒரு மணி நேரத்தில் முடிப்பவருக்கு, அதே அளவு தடித்த பைப் அரை நாள் எடுக்கும். கனத்துக்கு ஏற்ற தனி ரேட் உண்டா, ரிப்பேர் வந்தால் திருப்பிப் போடும் நேரம் யார் கணக்கில் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

தொழிற்சாலையில் ஓட்டிக்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம். "எங்க சைட்ல சிங்கிள்தான்" என்று சொல்வார்கள். அந்தச் சம்பளத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ வரம்புக்குள் வருவீர்கள். பிஎஃப்புக்கு உங்கள் யூஏஎன் எண் ஒன்றுதான், கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போட விடாதீர்கள்.

உடம்பு

வெல்டர்கள் ரொம்ப அலட்சியமாக இருக்கும் விஷயம் இது. கண்ணில் ஆர்க் அடித்தால் ராத்திரி மணல் விழுந்ததுபோல் எரியும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விடுவார்கள். தொடர்ந்து அடித்தால் பார்வையில் கை வைக்கும். 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். பாலியஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி. கால்வனைஸ் பூச்சை வெல்டிங்குக்கு முன் கிரைண்டரால் எடுக்காவிட்டால் ராத்திரி காய்ச்சல் வரும். பால் குடித்தால் போய்விடும் என்பது பட்டறை நம்பிக்கை, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகை இன்னும் மோசம். புகை உறிஞ்சியோ சரியான மாஸ்கோ இல்லாமல் மூடிய இடத்தில் வேலை செய்யாதீர்கள்.

டேங்குக்குள்ளோ பெரிய பைப்புக்குள்ளோ இறங்கும்போது ஆர்கான் ஆளைக் கொல்லும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம், அதனால் அடியில் தேங்கும். ஆக்சிஜன் அளவு பார்த்து, வெளியே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் "அஞ்சு நிமிஷ வேலைதான்பா" என்று இறக்கிவிடும் சூப்பர்வைசருக்கு முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

வெளிநாடு

பத்தாவது முடித்துவிட்டுப் போகச் சொன்னேன் அல்லவா? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவருக்குப் பாஸ்போர்ட் பொதுவாக இசிஆர் வகையில் வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடியேற்ற அனுமதி வாங்கியாக வேண்டும். பத்தாவது மார்க் ஷீட்டைக் காட்டியிருந்தால் அந்தப் படி இல்லை. இசிஆர் உள்ளவருக்கும் ஒரு நன்மை உண்டு. அரசின் கண் படாமல் சட்டப்படி அனுப்ப முடியாது. விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் தரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம், இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 35,400. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, கிண்டியில் அலுவலகம். அங்கே பதிந்து வையுங்கள், காத்திருக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

சிங்கப்பூர் என்றால் ஐபிஏ எனப்படும் முன் அனுமதிக் கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்னதும் அதில் இருப்பதும் ஒன்றா என்று விமானம் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். அந்நாட்டுச் சட்டப்படி அங்குள்ள ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கலாம் என்பது, ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்.

எந்த நாடாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் ஐந்து விஷயத்தைத் தனித்தனியாகத் தேடுங்கள்: அடிப்படைச் சம்பளம், ஓட்டி ரேட், சாப்பாட்டுக் காசு, தங்குமிடம், ஊருக்கு வர டிக்கெட். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்கிற ஏஜென்டிடம், அடிப்படைச் சம்பளம் மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். வேலை முடிந்து வரும்போது கணக்குப் பார்த்துத் தரும் பணிக்கொடை உண்டென்றால், அதுவும் பல இடங்களில் அதை வைத்துத்தான்.